கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறியும் ஹெச்பிஏ1சி 6.1 குறையாதது ஏன்?

அரிசியை விட்டு இரு வேளையும் கேழ்வரகுக் கஞ்சி குடித்தும் உங்கள் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.1 சதவீதத்திலேயே நிற்பதற்குக் காரணம், பெரும்பாலும் தானியமன்று. அதைக் கஞ்சியாகக் காய்ச்சுவதுதான். கேழ்வரகிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்தே. நைசாக அரைத்து, சலித்துத் தவிட்டை நீக்கி, குழையக் காய்ச்சினால் அது விரைவில் சர்க்கரையாகி இரத்தத்தில் கலந்துவிடும். வெல்லமும் சேர்த்தால் கேட்கவே வேண்டாம்.

ஒரு நாள் வழக்கமான கஞ்சியைக் குடித்தும், மறுநாள் சலிக்காத மாவில் முருங்கைக்கீரை போட்டுத் தட்டிய ஒரே ஓர் அடையைக் கிண்ணம் சுண்டலோடு உண்டும், முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். எதை உண்டபின் இரத்தச் சர்க்கரை 140 மி.கி./டெ.லி.-ஐத் தாண்டுகிறது என்பது தெரிந்துவிடும்.

இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை ஹெச்பிஏ1சி அளவை உயர்த்திக் காட்டக்கூடும் என்பதால், ஹீமோகுளோபினையும் சோதித்துக்கொள்ளுங்கள்.