ஓவன் இல்லாமல் பன்: அடி கருகாமல், மேலே சிவக்க

கேள்வி: குக்கரில் உப்பு பரப்பி, விசிலைக் கழற்றிவிட்டு பன் சுட்டேன். அடி கருகிவிட்டது, மேலே இட்லி மாதிரி வெளுத்திருந்தது, உள்ளே பிசுபிசு. மாவை இரண்டு மணி நேரம் வைத்தேன். கள் வாடை வந்தது. எங்கே தப்பு? – வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் குக்கர் மூடியை ஒதுக்கி வையுங்கள். அதிலுள்ள சேஃப்டி வால்வின் வேலையே அதிக சூட்டில் உருகுவதுதான். தண்ணீர் இல்லாத சூட்டில் அது கெட்டுப்போகும். ரப்பரும் வெந்துவிடும். பிரியாணி செய்கிற கனமான அலுமினியக் குண்டானும் தட்டை மூடியும் போதும்.

உங்கள் பிரச்சினைக்கு விடையும் பிரியாணியிலேயே இருக்கிறது. தம் போடும்போது மூடி மேல் கங்கு அள்ளிப் போடுவது எதற்கு? சூடு மேலிருந்தும் இறங்கத்தான். நீங்கள் அடியில் மட்டும் சூடு கொடுத்திருக்கிறீர்கள்.

மாவுக்கு வருவோம். 8 பன்னுக்கு மைதா 300 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம் (தட்டையாக ஒன்றேகால் டீஸ்பூன்), சர்க்கரை 25, உப்பு 5, வெண்ணெய் 25 கிராம், பாலும் தண்ணீருமாக 190 மில்லி. இதில் இரண்டு ஸ்பூனைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள். மழைக்காலத்தில் மைதாவே ஈரம் இழுத்திருக்கும். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் கேன் தண்ணீர் ஊற்றுங்கள். வெயில் காலத்தில் எதையும் சுடவைக்க வேண்டாம். மத்தியானம் மாடி டேங்க்கிலிருந்து வரும் தண்ணீரைக்கூட ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், அவ்வளவு சூடு. 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும்.

பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிசையுங்கள். சிறு துண்டை விரல்களால் விரித்தால் கிழியாமல் சவ்வு போல வர வேண்டும். பிறகு மூடிவைக்க நம் ஊர் வெயிலுக்கு 45 நிமிடம் போதும், மார்கழியில் ஒரு மணிக்கு மேல் ஆகலாம். கடிகாரத்தைவிட மாவை நம்புங்கள்: இரண்டு மடங்கானதும் அடுத்த வேலை. இரண்டு மணி நேரம் விட்டதால்தான் மாவு மிஞ்சிப் புளித்து, பிடிமானம் போய், கள் வாடை வந்தது.

தலா 68 கிராம் உருண்டையாக்கி, 7 அங்குல கேக் டின்னில் எண்ணெய் தடவி அடுக்குங்கள்: சுற்றி ஏழு, நடுவில் ஒன்று. இன்னொரு 25 நிமிடம் உப்பட்டும். விரலால் அழுத்திய குழி மெதுவாக மேலே வந்தால் பதம். சட்டென்று எழும்பினால் இன்னும் நேரமாகவில்லை. மேலே பால் தடவுங்கள்.

குண்டானில் கல் உப்பை ஒரு விரல்கடை உயரம் பரப்பி, மேலே ஒரு அங்குல ஸ்டாண்ட். மூடி, நடுத்தரத் தீயில் 10 நிமிடம் காயவிடுங்கள். உப்பு படபடவென்று வெடித்தால் பயம் வேண்டாம், ஈரம்தான். டின்னைச் சுற்றி ஒரு அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும். ஒட்டி நின்றால் ஓரம் கருகும். இனி சிறு தீ.

முதல் 15 நிமிடம் இறுக்க மூடியே இருக்கட்டும். உள்ளே நிற்கும் ஆவி மேல்தோலை இளக்கமாக வைப்பதால் பன் நன்றாக எழும்பும். அதே ஆவி அதன்பின் எதிரி. ஈரம் இருக்கும்வரை மேல்பக்கம் சிவக்காது. மூடியில் கோர்த்திருக்கும் தண்ணீரைத் துடைத்து, சற்று நகர்த்தி மூடுங்கள். பக்கத்து அடுப்பில் புகைய காய்ந்த இரும்பு தோசைக்கல்லைத் துணி பிடித்துத் தூக்கி மூடி மேல் வையுங்கள். ஆறு நிமிடம் கழித்து மறுபடி காயவைத்து இன்னொரு தடவை. மொத்தம் 28 முதல் 30 நிமிடம். கங்கு போடுவதானால் மொட்டை மாடியில் மட்டும். அடைத்த சமையலறையில் கரிப்புகை ஆபத்து.

இத்தனை செய்தும் பேக்கரி நிறம் வராது. பன்னைக் கவிழ்த்து, வெண்ணெய் தடவிய கல்லில் ஒரு நிமிடம் வாட்டினால் போதும். சவுகார்பேட்டை பாவ் பாஜி கடையிலும் வெண்ணெயில் வாட்டித்தானே தருகிறார்கள்.

ஐந்து நிமிடத்தில் டின்னிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடி வேர்த்து ஈரமாகும். துணி போட்டு மூடி, 20 நிமிடம் பிய்க்காதீர்கள். நடுப்பகுதி முழுதாக வெந்திருந்தாலும் சூட்டோடு பிய்த்தால் பிசுபிசுக்கத்தான் செய்யும்.

ஆறிய உப்பைக் குண்டானிலேயே விடாதீர்கள். கடற்காற்றில் அது கசிந்து அலுமினியத்தை அரித்துவிடும். டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும். குழம்புக்கு மட்டும் எடுக்க வேண்டாம்.