மழை, நிலாவிலிருந்து வெளியே வர: குறள் வெண்பா

எந்தக் கவிதை எழுதினாலும் மழை, நிலா, பிரிவு என்று பழைய தடத்திலேயே போய் விழுகிறது என்கிறீர்கள். புதுப் பொருளைத் தேடுவதைவிட ஒரு கட்டுப்பாடு உதவும் என்று நினைக்கிறேன். குறள் வெண்பா முயலுங்கள், திருக்குறளின் அதே இரண்டடி வடிவம். முதலடியில் 4 சீர் (அசைகள் சேர்ந்த சொல் அலகு), அடுத்ததில் 3. சின்னதுதான், ஆனால் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதி, உங்களைச் சும்மா விடாது. 'பேருந்து' காய்ச்சீர் (நேரசையில் முடியும் மூவசைச் சீர்), அதற்கடுத்த சீர் நேரசையில் (ஒரே ஒரு உயிரொலி உள்ள அசை) தொடங்க வேண்டும். 'பேருந்து கிளம்பி' என்றால் 'கிளம்' இரண்டு குறில் சேர்ந்த நிரையசை, அதனால் தளை தட்டும் (விதி மீறும்); 'பேருந்து போனபின்' என்றால் 'போ' நேரசை, சரி. இப்படிக் கைக்கு வந்த சொல்லை விட்டு வேறு சொல் தேடும்போதுதான் நினைத்தே பார்க்காத வரி வந்து நிற்கும்; எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். கடைசிச் சீர் மட்டும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒரு வாய்பாட்டில் (அசை அமைப்பைக் காட்டும் மாதிரிச் சொல்) முடியட்டும். அப்புறம், நண்பர் யாரிடமாவது ஈற்றடி (கடைசி அடி) வாங்கி முதலடியை நீங்கள் எழுதுங்கள். முதல் குறளை இங்கே போடுங்கள், தளை பார்த்துச் சொல்கிறேன்.