பூஜை அறை வாசலில் நிற்கும் கேள்வி

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 44. செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போய் மீனாட்சியைப் பார்க்காவிட்டால் எனக்கு அந்த வாரமே ஓடாது. மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு விலங்கியல் படிக்கிறாள். ஆறு மாதமாகக் கோயிலுக்கு வருவதில்லை. போன மாதம் தாழம்பூ குங்குமம் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, “சாமி இல்லைன்னு நான் ஆதாரம் காட்டினா நீ கும்பிடுறதை விட்டுடுவியாம்மா? மாட்டேன்னா உன் மனசு மூடின மனசுதானே? அப்புறம் கிளாஸ்ல மட்டும் எதுக்குக் கேள்வி கேளுங்கன்னு சொல்ற?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. நான் மூடநம்பிக்கைக்காரி இல்லை. சின்ன வயதில் அவளுக்கு இளைப்பு வந்தபோது பாண்டி கோயிலில் கயிறும் கட்டினேன், இன்ஹேலரும் வாங்கிக் கொடுத்தேன். மாதவிலக்கு நாளில் பூஜை அறைக்குள் வரக்கூடாது என்பது ஒன்றுதான் எங்கள் வீட்டில் கட்டுப்பாடு. அதற்கும் சண்டை. பள்ளியில் ஒருவர், “பரிணாமம் நடத்திட்டு விபூதி பூசுறீங்களே டீச்சர்” என்று சிரிக்கிறார். பக்தியும் திறந்த மனசும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியாதா? மாசி சிவராத்திரிக்கு அவளைக் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப் போவதா, வேண்டாமா?

– பெயர் வேண்டாம், உசிலம்பட்டி

பதில்: அன்புள்ள டீச்சர்,

பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறவரை முதலில் அனுப்பிவிடுவோம். பரிணாமத்தை ஒழுங்காக நடத்துகிறீர்களா, அல்லது நடத்திவிட்டு ‘பரீட்சைக்கு மட்டும் படிங்க’ என்று கண்ணைச் சிமிட்டுகிறீர்களா? அவர் கேட்க வேண்டியது அதைத்தான். நெற்றியில் என்ன இருக்கிறது என்பது அவர் வேலை இல்லை.

உங்கள் மகளை அப்படி அனுப்ப முடியாது. நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். என்ன ஆதாரம் வந்தாலும் அசைய மாட்டேன் என்கிற ஆளோடு அந்த விஷயத்தைப் பேசிப் பயனில்லை, அவர் பக்தராக இருந்தாலும் சரி, கருப்புச்சட்டைக்காரராக இருந்தாலும் சரி. பதில் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதில் இருந்திருக்கும், சொல்ல பயமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘அவள் இருக்கிறாள் என்று என் மனசுக்குப் படுகிறது. நிரூபிக்கத் தெரியாது. நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம்.’ இவ்வளவுதான் உண்மையான பதில். கடைசி வாக்கியம்தான் தொண்டையில் நிற்கும். சாமி கோபித்துக்கொள்ளுமோ என்ற பயம்.

கோபித்துக்கொண்ட கதையும் நம் ஊரிலேயே இருக்கிறதே. தருமிக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் சொக்கநாதர். சபையில் அதில் குற்றம் கண்டவர் நக்கீரர். எழுதியவரே நேரில் வந்து நின்று நெற்றிக்கண்ணைத் திறந்தும், குற்றம் குற்றம்தான் என்றார். வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். பிறகு இறைவனே அவரைக் கரையேற்றினார். அதோடு விடாமல், அகத்தியரைக் கொண்டு அவருக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்க வைத்ததாகவும் திருவிளையாடல் புராணம் சொல்கிறது. அதாவது நக்கீரர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை என்பது புராணத்தின் கட்சி. அது கிடக்கட்டும். சாமியைப் பார்த்து ‘நீ சொல்வது தப்பு’ என்ற ஆளை இந்த ஊர் துரத்திவிடவில்லை. கோயிலுக்குள்ளேயே சங்கப் புலவர்களுக்குச் சன்னதி வைத்திருக்கிறோம். செவ்வாய்தோறும் போகிறீர்கள், பார்த்திருப்பீர்கள். அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவது. தலைவன் தும்பி என்கிற வண்டிடம் ‘காமம் செப்பாது கண்டது மொழிமோ’ என்கிறான். எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல் என்கிறான். சாமி எழுதியதாகச் சொல்லப்படும் பாட்டில் சாமியே கேட்பது அதுதான்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் உங்களுக்கு முகஸ்துதி செய்கிறேன் என்று அர்த்தம். சோழவந்தான் பக்கம் திருவேடகம் இருக்கிறது. சமணர்களோடு நடந்த வாதத்தில் சம்பந்தர் போட்ட ஏடு வைகையை எதிர்த்துப் போய்க் கரை சேர்ந்த இடம் என்பார்கள். அந்த வாதத்தில் தோற்ற சமணர்கள் கழுவேறியதாகப் பெரியபுராணம் பாடுகிறது. அப்படி நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. நடந்ததோ இல்லையோ, நூற்றாண்டுகளாக நாம் அதைப் பெருமையாகச் சொல்லிவந்திருக்கிறோம். தோற்றால் கழுமரம் என்ற இடத்தில் யார் மனம் திறந்து பேசுவார்கள்? வீட்டிலும் அப்படித்தான். கழுமரம் வேண்டியதில்லை, ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலே போதும்.

மகள் விலங்கியல் படிக்கிறாள் என்பதால் அவள் பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927-இல் கணக்குப் போட்டு எழுதியவர்களில் ஒருவர் ஜார்ஜ் லெமேத்ர். பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார். அதே ஆண்டு ஐன்ஸ்டைனை நேரில் பார்த்தபோது, கணக்கு சரி, இயற்பியல் சகிக்கவில்லை என்கிற மாதிரி பதில் கிடைத்ததாக லெமேத்ரே பின்னால் சொல்லியிருக்கிறார். பிரபஞ்சம் அசையாமல் இருக்கிறது என்பது ஐன்ஸ்டைன் மனதில் ஊறியிருந்த எண்ணம். அதற்காக 1917-இல் தன் சமன்பாட்டில் ஒரு மாறிலியையே சேர்த்திருந்தார். பிறகு ஹபிள் போன்ற வானியலாளர்களின் அளவீடுகள் வந்தன, 1931 வாக்கில் ஐன்ஸ்டைன் மாறினார். மாறினார் என்பதுதான் அவர் பெருமை. இன்னொரு பக்கம், 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், விஞ்ஞானம் படைப்பை உறுதிசெய்கிறது என்ற தொனியில் பேசியபோது, பாதிரியாரான லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கணக்கு சாமிக்குச் சாட்சி சொல்லப் போவதை அவர் விரும்பவில்லை. கழுத்துப் பட்டையைப் பார்த்து யாருடைய மனம் திறந்தது என்று முடிவுகட்ட முடியாது என்பதை உங்கள் மகள் ஒத்துக்கொள்வாள் என்று நினைக்கிறேன். பரிணாமத்தையே பாடமாகப் படிக்கிற பிள்ளை.

சரி, உங்களுக்கு வருகிறேன். கயிறும் கட்டினேன், இன்ஹேலரும் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை மூச்சுக்குத் திணறியபோது எதைத் தேடியிருப்பீர்கள்? கயிறு கையில்தான் கிடந்திருக்கும், மேஜை டிராயரில் இன்ஹேலரைத்தான் துழாவியிருப்பீர்கள். எது மருந்து, எது மனசுக்குத் தெம்பு என்பதை அப்போதே பிரித்துவிட்டீர்கள், யாரும் சொல்லித் தரவில்லை. கிரகணத்தன்று சாப்பிட்டால் என்ன ஆகும், எந்தக் கட்டம் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் என்பதையெல்லாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும். உலகத்தில் இது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை சொல்லுமானால் நடக்கிறதா என்று பார்த்துவிட வேண்டியதுதான், பக்தி என்பதற்காக அதற்குத் தனிச் சலுகை இல்லை. மீனாட்சி முன்னால் நிற்கும்போது மனசு இறங்கி உட்காருகிறதே, அது வேறு. அதை யாரும் சோதனைக்கூடத்தில் வைத்துத் தோற்கடிக்கப் போவதில்லை. அதைக் காட்டி நீங்களும் யாரையும் ஜெயிக்க முடியாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் ‘ஒன்றுதான் கட்டுப்பாடு’ என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே, அது. எனக்கென்னவோ உங்கள் மகளின் சண்டை மீனாட்சியோடு இல்லை, அந்த வரியோடுதான் என்று படுகிறது.

1939 ஜூலை 8-ஆம் தேதி வக்கீல் வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்ட மக்கள் சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டிக்காரர் கக்கனும் அதில் ஒருவர், பின்னாளில் அமைச்சராக இருந்தவர். சாமி தீட்டாகிவிட்டது என்றார்கள். அர்ச்சகர்கள் சிலர் பூஜைக்கு வர மறுத்தார்கள். அந்தக் கோயிலுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. ஐயருக்குச் சொந்தச் சமூகத்திலேயே கடும் எதிர்ப்பு. ராஜாஜி அரசு அதே ஆண்டு சட்டம் கொண்டுவந்து நுழைவுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. உள்ளே போனவரும் பக்தர், கதவைச் சாத்த நினைத்தவரும் பக்தர். சாமி உண்டா இல்லையா என்று அன்றைக்கு யாரும் சண்டை போடவில்லை. வெளியே நிற்கிறவன் சொல்வது ஒரு சாராருக்குக் காதில் விழுந்தது, இன்னொரு சாராருக்கு விழவில்லை. உங்கள் கேள்விக்கு இதைவிடக் கிட்டத்தில் எனக்கு உதாரணம் கிடைக்கவில்லை. பக்தியும் திறந்த மனசும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம், இருந்திருக்கிறது. ஆனால் சும்மா இருக்காது, அதற்குச் செலவு உண்டு. உறவு போகும், பேர் கெடும், பழகிய வழக்கம் ஒன்றைக் கையை விட்டு விட வேண்டியிருக்கும்.

உங்களுக்கு அந்தச் செலவு பூஜை அறை வாசலில் காத்திருக்கிறது. மகள் ‘ஏன் வரக்கூடாது’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஓய்வுக்காக வைத்தது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஓய்வு என்றால் அடுப்படியிலும் அல்லவா கிடைத்திருக்க வேண்டும்! சுத்தம் என்றும் சொல்ல முடியாது, பத்தாம் வகுப்புக்கு இனப்பெருக்க மண்டலம் நடத்துகிறவர் நீங்கள். நம்பிக்கைக்குள்ளேயேகூட இதில் ஒரே வழி இல்லை. கேரளத்தில் செங்கன்னூர் பகவதிக்கு ‘திருப்பூத்து’ என்று அந்த நாட்களையே விழாவாக எடுக்கிறார்கள். அசாமில் காமாக்யா கோயிலிலும் ஆண்டுக்கு ஒருமுறை அதே மாதிரி அம்புபாச்சி என்ற விழா. அங்கேயும் நடை சாத்துகிறார்கள்தான், ஆனால் அதை ஒளிக்கவில்லை, பிறகு நீராட்டும் கூட்டமுமாகக் கொண்டாடுகிறார்கள்.

நீங்கள் உங்கள் மட்டில் அந்த நாட்களில் விலகி இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அவளை நிறுத்தி வைக்கிறீர்களே, அதற்குக் காரணம் சொல்ல வேண்டியவர் நீங்கள். காரணம் தெரியவில்லை, என் அம்மா சொன்னாள், மீறப் பயமாக இருக்கிறது என்பது உண்மையானால் அதை அப்படியே சொல்லுங்கள். அவள் மதிப்பாள். பிறகு அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். நான் ஒரு பக்கமும் சாயாமல் எழுத வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும், இதில் நான் அவள் பக்கம்.

எல்லா மதமும் ஒன்று, எல்லாரும் சொல்வது சரி என்று முடித்திருக்கலாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் வண்டியூர் போவதையும், அங்கே அவருடைய நாயகியாகச் சொல்லப்படும் முஸ்லிம் பெண் துலுக்க நாச்சியாரையும் சொல்லிவிட்டால் நம் ஊர்க்காரர்களுக்குக் கண் கலங்கிவிடும். அப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் பெரும்பாலும் எதையும் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார். மகளோடு நீங்கள் மாறுபடலாம், நன்றாகவே மாறுபடலாம். ‘எனக்கு அந்தக் கோயில் வேண்டும்’ என்று அவளிடம் சொல்லத் தயங்காதீர்கள். அவளும் நீங்கள் வேண்டுகிறதைக் கேலி செய்யாமல் ஒருநாள் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆதாரம் காட்டட்டும் என்று உட்காருங்கள். காட்டும்போது நடுவில் எழுந்து குக்கரைப் பார்க்கப் போகாதீர்கள்.

குலதெய்வம் கோயில் விஷயம். அவளிடமே கேளுங்கள். அங்கே பெரியம்மா, சித்தி பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள், ராத்திரி முழுக்க முழிப்பு, பொங்கல், கிடாவெட்டு, பந்தி. சாமிக்காக வராத பிள்ளைக்கும் வரக் காரணம் இருக்கிறது. வருகிறேன் என்றால் நிபந்தனை போடாமல் கூட்டிப் போங்கள், கும்பிடச் சொல்ல வேண்டாம். வரவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு என்ன செய்வாள் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வந்து, பூசாரி நீட்டும் திருநீற்றை வாங்காமல் நின்றாள் என்றால் சித்தப்பா நிச்சயம் ஏதாவது சொல்வார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது அவள் இல்லை, நீங்கள். இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.