காய்ந்த நிலாவும் கிடாவும்

அன்புள்ள அண்ணா,

பாலக்காட்டில் கல்லூரி விடுதியில் இருக்கிறேன். அறை நண்பர்கள், நம் 'கல்லூரி வானில்' பாட்டைக் கேலி செய்யும் 'பென்னி லாவா' வீடியோவைக் காட்டிச் சிரிக்கிறார்கள். இப்போது என் பெயரே அதுதான். அந்தப் பாட்டை நம்மூரிலேயே பலர் மறந்துவிட்டார்கள், கேலி வீடியோவை உலகமே பார்த்திருக்கிறது. பாட்டிலும் பெரிதாக அர்த்தம் ஒன்றுமில்லை, சும்மா குத்துப்பாட்டு. எதற்குப் புகழ் அதிகம்? இதில் நாம் பெருமைப்படலாமா? மலையாளப் பாட்டு ஜிமிக்கி கம்மலுக்கும் இதுதானே நடந்தது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜிமிக்கி கம்மலை இதில் சேர்க்காதீர்கள். 2017 ஓணத்துக்குக் கொச்சிக் கல்லூரி ஒன்றில் ஆசிரியைகளும் மாணவிகளும் அந்தப் பாட்டுக்கு ஆடினார்கள். பாட்டில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அது வேறு.

'பெண்ணின் மனதைத் தொட்டு' 2000இல் வந்த படம். பஃபலாக்ஸ் என்ற பெயரில் ஒரு அமெரிக்கர் அதன் பாட்டுக்குத் தன் காதில் விழுந்த ஆங்கிலத்தை வரிவரியாகப் போட்டு யூடியூபில் ஏற்றியது 2007இல். தமிழ் தெரியாத நாடுகளில் வீடியோவுக்குத்தான் புகழ். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

அர்த்தமில்லை என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 'கல்லூரி வானில் காய்ந்த நிலாவோ.' நிலா காய்வது என்றால் வற்றிப்போவது இல்லை தம்பி, ஒளி வீசுவது. பார்க்க ஆளில்லாமல் வீணாகும் அழகைக் 'காட்டில் காய்ந்த நிலா' என்பார்கள். உங்கள் பாட்டியிடம் கேட்டால் சொல்வார். பாட்டெழுதியவர் அந்தக் காட்டை எடுத்துவிட்டுக் கல்லூரியை வைத்துவிட்டார். இந்த நிலாவைப் பார்க்க ஒரு கல்லூரியே அண்ணாந்து நிற்கிறது. பிரபுதேவாவின் கால்வேகத்தில் நமக்கு அது நழுவிப்போயிற்று. அந்த அமெரிக்கர் காதில் 'காய்ந்த நிலாவோ' என்பது 'ஃபைன் பென்னி லாவா' என்று விழுந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்கு என்ன வந்தது?

எனக்கு ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். அடுத்த வீட்டுக்குப் புனலூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு சேச்சி, பிள்ளையைத் தொட்டிலில் போட்டு 'ஓமனத்திங்கள் கிடாவோ' என்று பாடுவார். எனக்கு அப்போது ஏழு வயது. கிடா என்றால் சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடாதான் எனக்குத் தெரியும். நிலாவில் ஒரு கிடாவைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சேச்சி பாட ஆரம்பித்ததும் நான் ஜன்னலுக்கு வெளியே நின்று 'மே' என்று கத்துவேன். தெருப்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நாலைந்து நாளில் சேச்சி பாடுவதையே நிறுத்திவிட்டார். பிள்ளை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் என்னை உள்ளே கூப்பிட்டார். அடி விழும் என்று பயந்துகொண்டு போனேன். தொட்டில் கயிற்றை என் கையில் கொடுத்தார். "கிடாவுன்னா குஞ்ஞு மோனே. நிலாவோட குஞ்ஞு. ஆட்டு, உறங்கட்டும்." நான் ஆட்டினேன், அவர் பாடினார். துணி வழியே பிள்ளையின் குதிகால் என் முழங்காலில் இடித்தது. 1813இல் பிறந்த திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளுக்கு இரையிம்மன் தம்பி எழுதிய தாலாட்டு அது என்பதெல்லாம் கல்லூரிக்குப் போனபிறகு படித்தது. இன்றைக்கும் அந்தப் பாட்டு கேட்டால் முதலில் அந்தக் கிடா வரும், பின்னாலேயே அந்தக் குதிகாலும் வரும்.

உங்கள் பாட்டும் 'நிலாவோ' என்று கேட்கிறது, சேச்சியின் பாட்டும் 'திங்கள் கிடாவோ' என்று கேட்கிறது. ஒருத்தியை நிலாவா என்று கேட்பதற்கும் ஒரு பிள்ளையை நிலாவின் பிள்ளையா என்று கேட்பதற்கும் நடுவில் ஒரு மலைதான் இருக்கிறது. உங்கள் அறை நண்பர்களுக்கு இது விளங்காதா? அவர்கள் எல்லாரையும் தூங்க வைத்த பாட்டு அது.

பெருமைப்படுவதை அப்புறம் பார்க்கலாம். இன்று ராத்திரி வீடியோவை அவர்களே போடட்டும். முதல் வரியில் நிறுத்தி, காய்ந்த என்றால் என்ன என்று சொல்லுங்கள். பிறகு அவர்களை ஓமனத்திங்கள் பாடச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.