காட்டுக்குத் தீ வைப்பவர்கள்

கேள்வி: நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் மகள் வீட்டில் இருந்தபோது, பக்கத்துப் பைன் காட்டுக்கு அதிகாரிகளே தீ வைத்தார்கள். ஓர் ஊதாப் பூச்செடிக்காகவாம். நிஜமா? - வாசகி, திருச்சி

பதில்: நிஜம்தான் அம்மா. அது காட்டு லூபின். நம் சணப்புக்கும் கொழுஞ்சிக்கும் தூரத்து உறவு. வேர் முடிச்சுகளில் பாக்டீரியாவைக் குடிவைத்துக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சத்தில்லாத மணலிலும் வருடக்கணக்கில் பிழைக்கும். நிழல்தான் ஆகாது. புதர் மண்டினால் பூப்பது குறைந்துவிடும். அதற்குத்தான் தீ.

அங்கே கார்னர் நீலம் என்றொரு பட்டாம்பூச்சி உண்டு. சிறகை விரித்தாலும் ஓர் அங்குலம்தான். அதன் புழு இந்தச் செடியைத் தவிர வேறெதையும் தொடாது (உங்கள் பேரன் எப்படி?). இலையைத் திருப்பிப் பாருங்கள்: கீழ்ப்பக்கத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு, மேல்தோலை மட்டும் கண்ணாடித்தாள் மாதிரி விட்டிருக்கும். பச்சைப் புழுவுக்கு எறும்புகள் காவல்; கூலி, அது சுரக்கும் இனிப்பு நீர். 1944-இல் இந்தப் பூச்சியை விவரித்துப் பெயரிட்டவர் நாவலாசிரியர் விளாதிமிர் நபக்கோவ். 1992-இல் அமெரிக்க அரசு இதை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது.

அடுத்த முறை மே மாதக் கடைசியில் போங்கள். பூ, பூச்சி இரண்டையும் பார்க்கலாம். அப்புறம், காய் அவரை மாதிரி இருக்கிறதே என்று பொரியலுக்குப் பறித்துவிடாதீர்கள். நஞ்சு.