மடத்தில் சேர மனம் இழுக்கிறது: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு வயது 27. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளாகத் துறவு வாழ்வைப் பற்றிய எண்ணம் விட்டு விட்டு வருகிறது. சென்ற ஆண்டு ஓர் அடைபட்ட கத்தோலிக்க மடத்தின் (வெளியே வராமல் உள்ளேயே செபித்து வாழும் துறவியரின் மடம்) சிற்றாலயத்தில் சகோதரிகள் திருப்புகழ்மாலை (வேளைதோறும் சொல்லும் திருச்சபையின் செபம்) பாடுவதைக் கேட்டேன். அதிலிருந்து எண்ணம் வலுத்துவிட்டது. ஆனால் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதும் எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டில் திருமணப் பேச்சு எடுக்கிறார்கள். அதிலிருந்து தப்பிக்கத்தான் இப்படி நினைக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. கல்விக் கடனும் பாக்கி. இது இறையழைத்தல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாரிடம் முதலில் பேசுவது?

பதில்: உறுதியாகத் தெரிந்த பிறகு யாரிடமாவது பேசலாம் என்று காத்திருக்கிறீர்கள் என நினைக்கிறேன். இது தலைகீழ். பேசி, எழுதி, போய்ப் பார்த்து, அங்கே சில நாள் தங்கி, அப்புறம்தான் உறுதி வரும். வீட்டில் உட்கார்ந்தபடி தனியாக யோசித்து முடிவுக்கு வர யாராலும் முடியாது, ஏனென்றால் அழைத்தல் இரண்டு பக்கத்திலிருந்து உறுதிப்பட வேண்டியது. உங்கள் உள்ளத்தில் அந்த ஆசை இருக்க வேண்டும். உங்களோடு வாழப்போகிற குழுமமும் உங்களை அறிந்து, "இவர் இங்கே மலர்வார்" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது பாதி உங்கள் கையில் இல்லை. பல ஆண்டுகளாக இளம்பெண்களுக்குப் பயிற்சி தரும் பணியில் இருக்கிறேன். இதைப் புரிந்துகொண்டதுமே பாதி பாரம் இறங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, தப்பித்து ஓடுகிறேனோ என்ற பயத்துக்கு வருவோம். நாளைக் காலையே உங்கள் பெற்றோர், "இனி திருமணப் பேச்சை எடுக்க மாட்டோம், நீ விரும்பியபடி இரு" என்று சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிம்மதியோடு மடத்தைப் பற்றிய எண்ணமும் மெல்லக் கரைந்து போகிறதா? அப்படியானால் நீங்கள் தேடியது நிம்மதியைத்தான். நிம்மதி வந்த பிறகும் அந்தச் சிற்றாலயம் நினைவில் நின்று கூப்பிடுகிறதா? அப்போது அது தனியே கவனிக்க வேண்டிய விஷயம். திருமண வாழ்வை வெறுப்பவர்களுக்குத்தான் துறவு என்று ஒரு தவறான எண்ணம் உண்டு. நான் பார்த்தவரை, நல்ல மனைவியாகவும் தாயாகவும் இருந்திருக்கக்கூடிய பெண்களே நல்ல துறவியராகவும் இருக்கிறார்கள். அன்பு செலுத்தத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த அன்பை வேறு வழியில் கொடுக்கவும் தெரியும்.

இன்னொரு சோதனை இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரிடமிருந்து வருகிறது. 1521-ல் பாம்பலோனா சண்டையில் கால் நொறுங்கி, மாதக்கணக்கில் படுத்திருந்தபோது அவர் இரண்டு விதமான கனவுகளில் மூழ்குவார். வீரச் செயல்கள் புரிவது, உயர்குலப் பெண்ணின் மனதை வெல்வது ஒன்று. புனிதர்களைப் போல வாழ்வது மற்றொன்று. இரண்டுமே நினைக்கும்போது இனித்தன. ஆனால் முதல் கனவு முடிந்ததும் மனம் வறண்டு போனது, இரண்டாவது முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. அவர் பிற்பாடு கற்பித்த தேர்ந்து தெளிதல் முறைக்கு விதை இந்தச் சின்னக் கவனிப்புதான். எனவே மடத்தை நினைக்கும்போது வரும் பரவசத்தை விட்டுவிடுங்கள். அது அடங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது? திங்கட்கிழமை காலை, மாதக் கணக்கை முடிக்க வேண்டிய அவசரத்தில், சக ஊழியர் எரிச்சலாகப் பேசும்போது நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உண்மையான இழுப்பு ஒருவரைச் சுற்றியிருப்பவர்களிடம் பொறுமையுள்ளவராக்கும். "இந்த மனிதர்களை விட்டு எப்போது போவேன்" என்ற கசப்பு கூடிக்கொண்டே போனால், பொறுத்திருங்கள். மனம் வறண்டு கிடக்கும் நாளில் எடுத்த முடிவை மாற்றாதீர்கள், பொங்கி வழியும் நாளில் அவசரமாக வாக்குக் கொடுக்காதீர்கள் என்பதும் அவர் சொன்னதுதான்.

அடைபட்ட மடமா, பணி செய்யும் சபையா? பலர் இதை "எது உயர்ந்தது" என்ற கேள்வியாக்கிக் குழம்புகிறார்கள். ஒரு நாள் எப்படி நகர்கிறது என்று பாருங்கள், அதுவே நிறையச் சொல்லும். கார்மேல் என்ற அடைபட்ட துறவு சபையின் மடத்தில் விடியுமுன் மணி அடிக்கும். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் மௌன செபம். நாள் முழுவதும் பிரித்துப் பிரித்து திருப்புகழ்மாலை. இடையே நற்கருணை அப்பம் செய்வது, திருவுடை தைப்பது, தோட்டம், சமையல். நாளுக்கு இரண்டு வேளை எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசிச் சிரிக்கும் நேரமும் உண்டு. கார்மேல் சபையைச் சீர்திருத்திய அவிலா தெரேசா அதைத் திட்டமிட்டே வைத்தார். பொதுவாகச் சேர்ந்த மடத்திலேயேதான் கடைசிவரை. மருத்துவம் போன்ற தேவைக்கு மட்டுமே வெளியே வருவார்கள். ஜெபிக்கப் பிடிக்குமா என்பதைவிட, அதே சிலரோடு, அதே சுவர்களுக்குள், முப்பது நாற்பது ஆண்டுகள் அன்பாக இருக்க முடியுமா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. கதவை இழுத்துச் சாத்தும் சகோதரியின் சத்தம் தினமும் காதில் விழும். இன்னொருவர் பாட்டில் சுருதி விலகிப் பாடுவார். புனிதமாவது அங்கேதான் நடக்கிறது.

பணி செய்யும் சபையில் கதை வேறு. பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று வேலை. காலை மாலை செபம், தினத் திருப்பலி, ஆண்டுக்கொரு தியானம் உண்டு. நடுவில் நாள் மக்களுக்குப் போய்விடும். நன்றாகப் பழகிய ஊரிலிருந்து வேறிடம் போகச் சொல்லி மாற்றல் உத்தரவு வரும், பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். உங்களுக்குக் கற்பிக்கப் பிடிக்கிறது என்பதால் மட்டும் இந்தப் பக்கம் சாய வேண்டாம். கணக்குத் தெரிந்தவரை நிர்வாக அலுவலகத்தில் உட்கார வைத்துவிடுவதும் நடக்கும்! அதுபோல, கற்பிக்கப் பிடிக்கும் என்பதால் அடைபட்ட மடம் உங்களுக்கு ஆகாது என்றும் சொல்ல முடியாது. யூதக் குடும்பத்தில் பிறந்த மெய்யியலாளர், பின்னாளில் புனிதரான எடித் ஸ்டெயினை நினைத்துப் பாருங்கள். 1922-ல் திருமுழுக்குப் பெற்ற நாள் முதலே அவர் மனம் கார்மேலை நோக்கித்தான் இருந்தது. வழிகாட்டிகள் பொறுத்திருக்கச் சொன்னார்கள். பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து, 1933-ல் தமது 42-ஆம் வயதில்தான் கொலோன் நகரின் கார்மேலில் நுழைந்தார். அந்தக் கற்பித்தல் ஆண்டுகளை வீணென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒருமுறை நுழைந்தால் திரும்ப முடியாது என்ற பயம் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறதோ என்று தோன்றுகிறது. திருச்சபைச் சட்டம் இதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. நவதுறவு (வாக்குக் கொடுப்பதற்கு முந்தைய பயிற்சிக் காலம்) குறைந்தது 12 மாதம், இரண்டு ஆண்டுக்கு மேல் வைப்பதில்லை. அந்தக் காலத்தில் நொவிஸ் (பயிற்சியில் இருப்பவர்) எந்த நாளிலும் தன் விருப்பப்படி வெளியேறலாம். அப்புறம் முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவியாகக் கடவுளுக்குத் தரும் வாக்கு. அது தற்காலிகமானது, குறைந்தது மூன்று ஆண்டு. அந்தக் காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் போகவும் உரிமை உண்டு. அதன் பிறகே நித்திய வார்த்தைப்பாடு, அதற்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும். தியான வாழ்வு மடங்களுக்கு 2018-ல் வத்திக்கான் தந்த விதிமுறை இன்னும் நிதானமானது: ஆஸ்பிரண்டாக (சேர விரும்பி அறிமுகமாகும் நிலை) குறைந்தது ஓராண்டு, போஸ்டுலண்டாக (நவதுறவுக்கு முந்தைய நிலை) குறைந்தது ஓராண்டு, நவதுறவு இரண்டு ஆண்டு, தற்காலிக வார்த்தைப்பாட்டில் ஐந்து ஆண்டு. ஆக முழுதாகத் தன்னைக் கொடுப்பதற்குள் குறைந்தது ஒன்பது ஆண்டுகள் கையில் இருக்கும்.

வெளியே வருவது தோல்வி என்று நினைப்பவர்களிடம் நான் லெயோனி மார்ட்டினைப் பற்றிச் சொல்வேன். புகழ்பெற்ற கார்மேல் புனிதர் குழந்தை இயேசுவின் தெரேசாவுக்கு அக்கா. 1886-ல் கிளாரா சபையில் நுழைந்து சில வாரங்களில் வீடு திரும்பினார். விசிட்டேஷன் சபையில் நுழைந்தார், உடல்நலம் இடம் கொடுக்காமல் வந்துவிட்டார். மறுபடி முயன்றார், அதுவும் நிலைக்கவில்லை. 1899-ல் அதே விசிட்டேஷன் மடத்தில் நான்காவது முயற்சியாக நுழைந்தவர், 1941-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இப்போது அவரை அருளாளராக்கும் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) பணி நடக்கிறது. அவருடைய பெற்றோரின் கதை இன்னும் வியப்பு. தாய் செலி இளம்வயதில் பிறரன்புப் புதல்வியர் சபையில் சேரக் கேட்டு மறுக்கப்பட்டவர். தந்தை லூயி இலத்தீன் தெரியாததால் துறவு மடத்தில் ஏற்கப்படாதவர். இருவரும் 1858-ல் மணந்துகொண்டார்கள், 2015-ல் தம்பதியராகப் புனிதர் பட்டம் பெற்றார்கள். "இங்கே உனக்கு இடமில்லை" என்று ஒரு மடம் சொல்வதும் ஒரு பதில்தான். அதைக் கேட்கவும் தயாராக இருங்கள்.

இனி நடைமுறை. கல்விக் கடனை மறைக்க வேண்டாம். கட்டித் தீர்க்க முடியாத கடன் உள்ளவரைச் சபைகள் சேர்ப்பதில்லை. உங்களுக்கு வேலை இருக்கிறது, கடன் தீரும் காலத்தையே தெளிவதற்கான காலமாக வைத்துக்கொள்ளலாம். வேலையை இப்போதே விட்டுவிடாதீர்கள். திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றுகளும், நீங்கள் திருமணமாகாதவர் என்பதற்கான சான்றும் கேட்பார்கள். மருத்துவப் பரிசோதனை நிச்சயம் இருக்கும், பல சபைகள் உளவியல் மதிப்பீடும் செய்கின்றன. அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும், அதன் விவரங்களைப் பாதுகாக்கவும் அவர்கள் கடமைப்பட்டவர்கள். மனச்சோர்வுக்கு எப்போதாவது சிகிச்சை எடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள். சொல்வதால் கதவு மூடிவிடாது. மறைத்தால் பின்னால் நம்பிக்கைதான் உடையும். உச்ச வயதைப் பொதுச்சட்டம் சொல்லவில்லை, ஒவ்வொரு சபையும் தானே வரம்பு வைத்திருக்கிறது. 27 தாமதமே இல்லை.

முதலில் யாரிடம் பேசுவது என்று கேட்டீர்கள். ஒரே ஒருவரிடம். நீங்கள் வழக்கமாக ஒப்புரவு (பாவ அறிக்கை) செய்யும் குருவாக இருக்கலாம், முதிர்ந்த ஒரு சகோதரியாக இருக்கலாம். பத்துப் பேரிடம் சொன்னால் பத்துப் பேரும் உங்கள் அழைத்தலைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடுவார்கள். மாதம் ஒருமுறை அவரைச் சந்தித்து, மனதில் எழுந்ததை நல்லது கெட்டது பிரிக்காமல் சொல்லுங்கள். தினமும் அரை மணி நேரம் நற்செய்தியோடு மௌனமாக உட்காருங்கள். நாளுக்கு ஒரு நவநாளாக (ஒன்பது நாள் செபம்) அடுக்கிக்கொண்டே போக வேண்டாம்.

மூன்று நான்கு மாதம் இப்படிப் போன பிறகு, நீங்கள் பாட்டுக் கேட்ட அந்த மடத்துக்கும், ஒரு கற்பிக்கும் சபைக்கும் கடிதம் எழுதுங்கள். நீளமாக வேண்டாம். வயது, படிப்பு, வேலை, எப்போதிலிருந்து இந்த எண்ணம், கடன் எவ்வளவு, "சில நாள் வந்து தங்க அனுமதிப்பீர்களா?" இவ்வளவு போதும். காட்சி கண்டேன், கனவு வந்தது என்பதெல்லாம் முதல் கடிதத்துக்கு உரியதில்லை.

போய்த் தங்கும்போது சிற்றாலயத்தை மட்டும் பார்க்காதீர்கள். உணவறையில் கை நடுங்கும் முதிய சகோதரிக்கு யார் கிண்ணத்தைப் பிடித்துக்கொடுக்கிறார்கள், கேட்காமலே கொடுக்கிறார்களா என்று பாருங்கள். பாத்திரம் கழுவும்போது அவர்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். விட்டுப் போனவர்களைப் பற்றி விசாரித்தால் முகம் சுளிக்கிறார்களா, அன்போடு சொல்கிறார்களா? "இன்றே முடிவெடு, வீட்டில் சொல்லாதே, வெளியே எந்தக் குருவிடமும் பேசாதே" என்று எந்த இடத்தில் சொன்னாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். எவரையும் அச்சுறுத்தியோ ஏமாற்றியோ நவதுறவில் சேர்த்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது என்று சட்டம் சொல்கிறது. மனச்சாட்சியைத் திறந்து காட்டும்படி எந்தத் தலைவியும் உங்களைத் தூண்டக் கூடாது. சபை முறையாக அங்கீகரிக்கப்பட்டதா என்று ஆயர் இல்லத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பெற்றோரிடம் எப்போது சொல்வது? வயது வந்த உங்களுக்கு அவர்களுடைய அனுமதி சட்டப்படி தேவையில்லை. ஆனாலும் சேரும் தேதியைக் குறித்துவிட்டு வந்து அறிவிக்காதீர்கள். மடத்துக்கு முதல்முறை போவதற்கு முன்பே, "இப்படி ஓர் எண்ணம் இருக்கிறது, போய்ப் பார்க்கிறேன், முடிவெடுக்கவில்லை" என்று சொல்லுங்கள். வரன் பார்ப்பதை அதுவரை நிறுத்தி வைக்கக் கேளுங்கள். ஒரு நல்ல மனிதரைக் காத்திருக்க வைத்துவிட்டு நீங்கள் தெளிந்துகொண்டிருப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். அழுவார்கள், கோபப்படுவார்கள். "இனி உன்னைப் பார்க்கவே முடியாதா?" என்பதுதான் பெரும்பாலும் அம்மாக்களின் முதல் கேள்வி. அடைபட்ட மடமானாலும் பார்வையாளர் அறையில் குடும்பத்தார் வந்து பேசலாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம், கடிதம், தொலைபேசி என்பதெல்லாம் மடத்துக்கு மடம் மாறும். அதனால் அடுத்த முறை போகும்போது அம்மாவையும் கூட்டிப் போய், அந்தக் கேள்வியை அவரையே மடத்துத் தலைவியான மதரிடம் நேராகக் கேட்க விடுங்கள்.