கொம்பனித்தெருவுக்குள்ள ஒரு றாத்தல் பாண்

வாசகர் கேள்வி, எங்கட பதில்

கேள்வி (கொம்பனித்தெரு வாசகி): எங்கட ஏரியாவுக்கு கொம்பனித்தெரு எண்டு பேர். கம்பனி எண்டா வேலை செய்யிற இடம், அது விளங்குது. ஆனா தனிய இருக்கிற அம்மம்மாவுக்கு "கொஞ்ச நேரம் கம்பனி குடுத்திட்டு வா" எண்டு பிள்ளையளுக்கு சொல்றம். ஆர்மியிலயும் கம்பனி எண்டு ஒரு பிரிவு இருக்காம். இது மூண்டும் ஒரே சொல்லா?

பதில்: ஒரே சொல் தான் அக்கா. அதிலயும் அம்மம்மாவுக்கு பிள்ளையள் குடுக்கிற கம்பனி தான் மூத்தது, காசு உழைக்கிற கம்பனி எல்லாம் பிறகு வந்தது.

லத்தீன்ல "கொம்" எண்டா கூட, "பானிஸ்" எண்டா பாண். ஆரோட கூட இருந்து பாண் சாப்பிடுறமோ அவர் தான் "கொம்பானியோ". 1066 ல பிரான்சின்ட வடக்கில இருந்து வந்த நோர்மன்காரர் இங்கிலாந்த பிடிச்ச பிறகு கனகாலம் அங்க பெரிய ஆக்கள்ட வாயில பிரெஞ்சு தான் ஓடினது, அந்த வழியா இந்த சொல்லும் 13ம் நூற்றாண்டளவில இங்கிலீஷுக்குள்ள வந்து குடியேறிட்டுது. அப்ப அதுக்கு ஆபீஸும் இல்ல, முதலாளியும் இல்ல. கூட இருக்கிறது, கூடிப் போற ஆக்கள், அவ்வளவு தான்.

சோசர் எண்ட கவிஞர் 14ம் நூற்றாண்டு முடியிற நேரத்தில எழுதின கேன்டர்பரி கதைகள்ல இந்த சொல்ல அப்பிடியே காணலாம். லண்டனுக்கு பக்கத்தில சதக் எண்ட இடத்தில ஒரு சத்திரம், அங்க 29 பேர் ஒரு "கொம்பனியா" வந்து சேருறாங்க, கேன்டர்பரிக்கு யாத்திரை போக. எங்கட ஆக்கள் கதிர்காமத்துக்கும் மடுவுக்கும் செட்டா சேர்ந்து போற மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ. போற வழியில கதை சொல்லோணும், திறமா கதை சொல்றவருக்கு திரும்பி வந்த உடன மற்ற எல்லாரும் காசு போட்டு இராச்சாப்பாடு வாங்கிக் குடுக்கோணும் எண்டு சத்திரக்காரர் சொல்றார். பாருங்கோ, கொம்பனி எண்டு தொடங்கினது கடைசியில சாப்பாட்டு மேசையில தான் வந்து நிக்குது.

அதே காலத்தில லண்டன்ல ஒரே தொழில் செய்யிற ஆக்களும் சங்கமா சேர்ந்தாங்க, சேர்ந்து கும்பிட்டு, சேர்ந்து விருந்து சாப்பிட்டு, ஆரும் செத்தா சேர்ந்து அடக்கம் செய்து. அதுகளுக்கும் பேர் கொம்பனி எண்டு வந்திட்டுது. அதில ஒண்ட 1345 ல தொடங்கினவங்க மிளகு வியாபாரிகள், எங்கட கிழக்கு நாட்டு மிளகு தான். பிறகு அவங்களுக்கு குரோசர் எண்டு பேர், மொத்தமா வித்து வாங்கிறவர் எண்டு அர்த்தம், குரோசரிக் கடையின்ட பேரும் அங்க இருந்து தான். சேர்ந்து போற ஆக்கள்ல இருந்து சேர்ந்து போற சிப்பாய்மார், சேர்ந்து முதல் போடுற வியாபாரிமார் எண்டு சொல் நீண்டு கொண்டே போச்சு. 1600 டிசம்பர் 31 இங்கிலீஷ்காரர்ட கிழக்கிந்திய கொம்பனி, 1602 ல ஒல்லாந்தர்ட கொம்பனி. அந்த ஒல்லாந்துக் கொம்பனி தான் 1656 ல போர்த்துக்கேயரிட்ட இருந்து கொழும்ப பிடிச்சது, உங்கட தெருவுக்கு வந்த பேரும் அதின்ட பேர் தான் எண்டு சொல்றாங்க.

ஒரு விசயம் சொல்லாம இதை முடிக்க மனம் வரேல்ல. அந்த இடத்துக்கு இங்கிலீஷ்ல கனகாலமா இருந்த பேர் ஸ்லேவ் ஐலண்ட், அடிமைத்தீவு. பேர வாவித் தண்ணிக்கு நடுவில அடிமையாக்கின சனத்த வச்சிருந்த இடம். "கூட இருந்து பாண் சாப்பிடுற ஆக்கள்" எண்ட சொல்ல பேரா வச்சுக்கொண்ட கொம்பனி தான் இதையும் செய்தது. அந்தப் பக்கம் பஸ்ல போகேக்க எல்லாம் எனக்கு இது நெஞ்சில முட்டும்.

இன்னொண்டு. நாங்க பாண் எண்டு சொல்றதும், சிங்கள ஆக்கள் பாண் எண்டு சொல்றதும் போர்த்துக்கேயரிட்ட இருந்து எடுத்தது, அவங்கட சொல்லுக்கு வேர் அதே பானிஸ். அப்ப பின்னேரம் கொம்பனித்தெருவுக்குள்ள சூன் பாண் த்ரீவீல் மியூசிக் போட்டுக்கொண்டு வரேக்க, தெருவின்ட பேரும் வண்டிக்குள்ள இருக்கிற சாமானும் ஒரே வயித்துப் பிள்ளையள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): இங்கிலீஷ் பூசையில கடவுளையும் லோர்ட் எண்டு தான் சொல்றாங்க, பெரிய பதவிக்காரரையும் லோர்ட் எண்டு தான் சொல்றாங்க. லேடி எண்ட சொல் அதுக்கு ஜோடியா? எங்க இருந்து வந்தது?

பதில்: ஜோடி தான், ரெண்டும் ஒரே அடுப்படியில பிறந்தது. இது லத்தீனும் இல்ல பிரெஞ்சும் இல்ல, நோர்மன்காரர் வர முதலே அங்க இருந்த பழைய இங்கிலீஷ். அதில பாணுக்கு "ஹ்லாஃப்" எண்டு பேர், இண்டைக்கு லோஃப் எண்டு சொல்றமே அது. "ஹ்லாஃப்வேர்ட்" எண்டா பாணக் காக்கிறவர். அது வாயில தேய்ஞ்சு லாவர்ட் ஆகி, இன்னும் தேய்ஞ்சு லோர்ட் ஆச்சு. "ஹ்லாஃப்டியே" எண்டா பாணுக்கு மா பிசையிறவ, அவ தான் லேடி. வீட்டில ஆர் மா பிசைஞ்சு, ஆர் அதைக் காத்து பங்கு போடுறாங்களோ அவங்க தான் அந்த வீட்டுக்குப் பெரிய ஆக்கள்.

அந்த வீட்டில அண்டி இருக்கிறவனுக்கும் ஒரு பேர் இருந்தது: "ஹ்லாஃப்ஏத்தா", பாண் தின்னுறவன். இது சும்மா பேச்சுவழக்கு இல்ல, கென்ட் நாட்டு அரசர் ஏதெல்பெர்ட் 600ம் ஆண்டளவில போட்ட சட்டத்திலயே இருக்கு, ஒரு குடியானவன்ட "பாண் தின்னுறவன" ஆராவது கொண்டா 6 ஷில்லிங் கட்டோணும் எண்டு. கர்ணன் துரியோதனனுக்காக நிண்டத நாங்க செஞ்சோற்றுக்கடன் எண்டு சொல்றம் தானே, அதே கணக்குத் தான், எங்களுக்கு சோறு, அவங்களுக்கு பாண்.

நீங்க பூசை பற்றி கேட்டதால இதையும் சொல்றன். ஓகஸ்ட் 1 ல புதுக் கோதுமையில சுட்ட முதல் பாண கோயிலுக்குக் கொண்டு போய் மந்திரிக்கிற ஒரு திருநாள் அங்க இருந்தது, பாண்பூசை எண்டே பேர், ஹ்லாஃப்மெஸ்ஸ, பிறகு லாமஸ். எங்கட பொங்கலுக்கு புது அரிசி மாதிரி.

முதல் கேள்வி கேட்ட அக்காவும் இதக் கவனியுங்கோ. கோத்திக் எண்ட பழைய ஜெர்மானிய மொழியில கூட்டாளிக்கு "கஹ்லைபா" எண்டு பேர். "க" எண்டா கூட, "ஹ்லைப்" எண்டா இந்த ஹ்லாஃப் தான். கொம்பானியோ எண்டதும் அச்சொட்டா இதே மாதிரிக் கட்டின சொல்.

கேள்வி (வெள்ளவத்தை வாசகர், மன்னாரில இருந்து படிக்க வந்தவர்): நாங்க நாலு பேர் ஒரு போர்டிங் ரூம்ல இருக்கிறம், இரவில ஒரு கொத்துப் பார்சல பிரிச்சு நாலு பேரும் சாப்பிடுறம். போர்டிங் எண்டா பலகையா? மெஸ் எண்டா ஏன் குப்பை எண்டும் சாப்பாட்டு இடம் எண்டும் ரெண்டு அர்த்தம்?

பதில்: பலகை தான் தம்பி. அந்தக் காலத்தில பெரிய வீடுகள்ல சாப்பாட்டு மேசை எண்டு தனிய நிரந்தரமா இருக்கிறது குறைவு, ரெண்டு முக்காலி மேல ஒரு பலகையப் போட்டு சாப்பிட்டு, பிறகு கழட்டி சுவரோட சாத்தி வச்சிடுவாங்க. பலகை மேசையாச்சு, மேசை சாப்பாடாச்சு, சாப்பாட்டோட தங்கிற இடம் போர்டிங் ஆச்சு. கம்பனிக்காரர்ட டிரெக்டர் போர்ட் எண்டதும் அதே பலகைய சுத்தி இருக்கிற ஆக்கள் தான். வீட்டில உடுப்பு வைக்கிற கபட் முந்தி கோப்பை அடுக்கிற பலகை.

மெஸ் பழைய பிரெஞ்சில இருந்து வந்தது, மேசையில கொண்டு வந்து வைக்கிற ஒரு தட்டுச் சாப்பாடு. பல சாமான் கலந்த கூழையும் அப்பிடி சொல்லிச் சொல்லி தான் 19ம் நூற்றாண்டில குழம்பிக் கிடக்கிறதுக்கு எல்லாம் மெஸ் எண்டு வந்தது. ஆனா நடுக்கால விருந்துகள்ல மெஸ் எண்டா ஒரே தட்டில பங்கு போட்டு சாப்பிடுற ஒரு கூட்டம், கொழும்பில முஸ்லிம் கலியாண வீட்டில சஹன் எண்ட ஒரு பெரிய தட்ட சுத்தி ஆறு பேர் இருக்கிற மாதிரி. அவங்களுக்கு ஆறு இல்ல, வழமையா நாலு. லண்டன்ல பாரிஸ்டருக்கு படிக்கிற பழைய சட்டச் சங்கங்கள்ல இண்டைக்கும் விருந்துக்கு நாலு நாலு பேராத் தான் இருத்துறாங்க, அதுக்கு பேர் மெஸ். கொத்துப் பார்சல சுத்தி இருக்கிற நீங்க நாலு பேரும் அந்தக் கணக்கில சரியா ஒரு மெஸ்.